விளையாட்டுச் சிகிச்சைக்குப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோருக்கு

"மிஸ், விளையாடுறதுக்கோ இவ்வளவு தூரம் பஸ் ஏறி வாறது?" வன்னியில் சிறுவர் உளவளத்துணையாளராக இருக்கும் என்னிடம் தாய்மார் அடிக்கடி கேட்பது இது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருபவர்கள் கேட்கிறார்கள்; நியாயமான கேள்வி.

வளர்ந்தவர்கள் துயரத்தைச் சொல்லி ஆறுகிறோம். 3 முதல் 12 வயது வரையான பிள்ளைக்கு அதற்குரிய சொற்கள் போதாது. பொம்மையும் மண்ணும்தான் பேச்சு. பிள்ளையை நடத்தாமல் அதன் பின்னால் போகும் முறையை அமெரிக்க உளவியலாளர் வேர்ஜீனியா அக்ஸ்லைன் 1947 இல் நூலாக எழுதினார். அறையில் பொம்மைக் குடும்பம், வாகனங்கள், களிமண், மணல் தட்டு, வர்ணங்கள் இருக்கும். எதை எடுப்பதென்று பிள்ளையே தீர்மானிக்கும். நாங்கள் படிப்பிப்பதில்லை, திருத்துவதில்லை. எவரையும் காயப்படுத்தக்கூடாது, நேரம் முடிந்தால் எழும்ப வேண்டும், அவ்வளவுதான் சட்டம். பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறை, 30 முதல் 50 நிமிடம். ஒருநாள் வந்து பலூன் ஊதிப் படமெடுத்துப் போவதையும் சிலர் விளையாட்டுச் சிகிச்சை என்கிறார்கள். அது அதுவல்ல.

பிள்ளைகள் அடிபாடு விளையாடுவது நோயுமல்ல. 2009 க்குப் பின் பிறந்தவர்கள்கூட பங்கர் வெட்டி விளையாடுகிறார்கள். வீட்டில் கேட்ட கதைகள்தான். ஆட்கள் மாறி, முடிவு மாறி, இடையில் சிரிப்பும் வந்தால் பயப்பட வேண்டாம், பிள்ளை அதைச் சமித்துக்கொள்கிறது. ஒரே காட்சி, ஒரே முடிவு, முகத்தில் சந்தோசம் இல்லை, நிறுத்தவும் முடியவில்லை என்றால் கவனியுங்கள். 1976 இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லாவில் பாடசாலை பஸ்ஸோடு கடத்தப்பட்டு நிலத்தடியில் அடைக்கப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்த மனநல வைத்தியர் லெனோர் ரெர் இந்த வகை விளையாட்டைத்தான் கண்டார். அது பிள்ளையை ஆற்றுவதில்லை. ஏசி நிறுத்தினால் ஒளித்து விளையாடும். இதோடு நித்திரையில் அலறல், விட்டுப்போன படுக்கையில் சலம் கழித்தல் திரும்ப வருதல், பாடசாலைக்கு மறுத்தல் சேர்ந்தால் தாமதிக்க வேண்டாம்.

சிகிச்சை தொடங்கியபின் "மிஸ்ஸிட்டை என்ன சொன்னனீ?" என்று துருவாதீர்கள். பிள்ளையின் முன்னேற்றம் பற்றி உங்களோடு தனியே பேசுவோம். பிள்ளைக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் மறைக்க மாட்டோம். முதல் சில வாரங்களில் கோபம் கூடவும் கூடும். அதைக் கண்டு இடையில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், விடைபெற ஓரிரு தடவை தாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் காணாமல் போன வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விசயமல்ல.

விளையாட்டுச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. பேச்சு பிந்தினாலோ வலிப்பு வந்தாலோ முதலில் சிறுவர் வைத்தியரிடம் காட்டுங்கள். அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கட்டணமில்லை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் வழி கேட்கலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. முதல் சந்திப்புக்குப் பிள்ளையைக் கூட்டிவராமல் நீங்கள் மட்டும் வந்தால் நல்லது. பிள்ளைக்கு முன்னால் சொல்ல முடியாதவற்றை அன்றே சொல்லலாம்.