கடிகாரம் வரையும் சோதனையின் வரலாறு

கடிகாரம் வரையும் சோதனை என்பது மூளைப் பாதிப்பைக் கண்டறிய உதவும் மிக எளிய சோதனைகளுள் ஒன்று. ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும். நோயாளி கடிகார முகத்தை வரைந்து, 1 முதல் 12 வரை எண்களை எழுதி, மருத்துவர் சொல்லும் நேரத்துக்கு முட்களை வைக்க வேண்டும். பார்ப்பதற்குச் சிறுபிள்ளை வேலைதான். ஆனால் சொன்னதைப் புரிந்துகொள்ளுதல், கடிகாரத்தின் உருவை நினைவுகூர்தல், இடத்தைத் திட்டமிடுதல், கையை அதன்படி இயக்குதல் ஆகிய எல்லாம் ஒருசேர நடந்தால்தான் படம் சரியாக அமையும்.

இவ்வகைச் சோதனைகளுக்கு முதல் உலகப்போர் பெரும் தூண்டுதலாக இருந்தது. தலையில் குண்டு பாய்ந்தும் உயிர் பிழைத்த இளம் வீரர்கள் ஐரோப்பிய மருத்துவமனைகளில் நிறைந்திருந்தனர். காயம்பட்ட இடமும் அவர்கள் இழந்த திறனும் தெரிந்திருந்ததால் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. ஜெர்மனியில் வால்டர் பாப்பல்ராய்டர் இவ்வீரர்களின் பார்வைக் கோளாறுகளை ஆராய்ந்து 1917இல் நூல் வெளியிட்டார். ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்ட பொருள்களைப் பிரித்தறியும் படம் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. கண்ணும் கையும் நன்றாக இருந்தும் உறுப்புகளைச் சேர்த்து முழு உருவமாக்க இயலாத நிலைக்கு கார்ல் கிளைஸ்ட் தனிப்பெயர் கொடுத்தார். இங்கிலாந்தில் ஹென்றி ஹெட், பேச்சிழந்தோரைக் கடிகார முட்களை நகர்த்தச் சொல்லி ஆராய்ந்தார். அவரது நூல் 1926இல் வெளிவந்தது.

அக்காலத்தில் மொழி இருக்கும் இடப்பக்க மூளையே முதன்மையானது என்றும் வலப்பக்கம் அதற்குத் துணை மட்டுமே என்றும் பலர் கருதினர். அந்த எண்ணத்தை அசைத்ததில் ஓவியச் சோதனைகளுக்குப் பங்குண்டு. 1944இல் பேட்டர்சனும் சாங்வில்லும் வலப்பக்க மூளைக் காயமுற்றவர்களின் இடவுணர்வுக் கோளாறுகளை விவரித்தனர். இடப்பக்கம் பாதிக்கப்பட்டவரின் படத்தில் நுட்பங்கள் குறைந்திருக்கும். ஆனால் மொத்த வடிவம் ஓரளவு நிற்கும். வலப்பக்கம் பாதிக்கப்பட்டவரோ உறுப்புகளை எல்லாம் வரைவார், அவை ஒன்றோடொன்று பொருந்தமாட்டா. சிலர் பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலப்பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டு, வேலை முடிந்ததென்று தாளைத் திருப்பித் தருவர். இது கண்பார்வைக் குறையன்று. இடப்புறம் என்ற ஒன்று அவர்கள் கவனத்துக்கே வருவதில்லை. ஜெர்மானிய ஓவியர் ஆண்டன் ரேடர்ஷைட் 1967இல் பக்கவாதத்துக்கு ஆளானபின் தீட்டிய தன்னுருவப் படங்களில் முகத்தின் ஒரு பாதி விடுபட்டிருந்தது. தேறத் தேற அந்தப் பாதி மெல்ல நிரம்பியது.

'பதினொன்று பத்து' என்ற நேரம் கேட்கப்படுவதற்கும் காரணம் உண்டு. நிமிட முள் 2இல் நிற்க வேண்டும். ஆனால் 'பத்து' என்ற சொல் கையை 10இன் பக்கம் இழுக்கும். மூளையின் முன்மடல் பழுதுபட்டவர்களால் அந்த இழுப்பை அடக்க முடியாமல் போகலாம். தமிழிலும் நேரம் அப்படியே சொல்லப்படுவதால் இந்தப் பொறி இங்கும் வேலை செய்கிறது. பாஸ்டனில் பணியாற்றிய எடித் கப்லான் மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், நோயாளி எந்த வழியில் தவறினார் என்பதையும் கவனிக்க வலியுறுத்தினார். இவ்வரலாற்றில் மிகப் பயனுள்ள பாடம் இதுவே எனலாம்.

அதை மறந்த காலமும் இருந்தது. 1938இல் லோரெட்டா பெண்டர் அறிமுகப்படுத்திய ஒன்பது உருவங்களைப் பார்த்து வரையும் சோதனையைக் கொண்டு, 'மூளைக் கோளாறு உண்டு' அல்லது 'இல்லை' என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதும் பழக்கம் பரவியது. மூளைப் பாதிப்பு ஒரே வகையானதன்று. எனவே அந்தத் தீர்ப்புகள் பலவும் நம்பத்தக்கவை அல்ல.

இன்று மறதி நோயை முதற்கட்டமாகக் கண்டறியும் மினி-காக் (2000), மோகா (2005) ஆகிய சோதனைகளில் கடிகாரம் இடம்பெறுகிறது. மினி-காக்கில் மூன்று சொற்களை நினைவில் வைத்தலும் கடிகாரம் வரைதலும் மட்டுமே உள்ளன. ஆனால் பள்ளிக்கே செல்லாத, பென்சில் பிடித்துப் பழகாத முதியவர் கோணலாக வரைந்தால் அது நோயின் அடையாளம் ஆகாது. கைநடுக்கம், மூட்டுவலி, கண்புரை ஆகியவையும் படத்தைக் கெடுக்கும். ஆகவே எழுத்தறிவு குறைந்த ஊர்களில் இந்த ஒரு தாளை வைத்து ஒருவருக்கு மறதி நோய் என்று முடிவுகட்டுவது தவறு. எண்களால் நேரம் காட்டும் கைப்பேசியோடு வளர்ந்த தலைமுறை முதுமை எய்தும்போது, முட்கள் உள்ள கடிகாரத்தையே மாற்ற வேண்டிவரலாம்.