மேசைக் கணினி இயங்குதளத் தெரிவு

மேசைக் கணினி இயங்குதளத் தெரிவு என்பது அன்றாடப் பணிகளுக்கும் பல்லூடகப் பயன்பாட்டிற்கும் விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும். விலை, மென்பொருட்கள், தமிழ் வசதி, பழைய கோப்புகளைத் திறக்கும் வாய்ப்பு ஆகியன இத்தெரிவைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் இறுதியானது பலராலும் கவனிக்கப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் இயங்குதளத் தெரிவு

எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2007 அளவில் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே காலப்பகுதியில் நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. இதில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான வசதி உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் நிறுவி வழங்கப்பட்டன.

தமிழ் வசதி

விண்டோஸ் 2000 பதிப்பில் ஒருங்குறித் தமிழும் லதா எழுத்துருவும் இடம்பெற்றன. 2005இல் வெளியான மாக் ஓஎஸ் 10.4 பதிப்பில் இணைமதி எழுத்துரு சேர்க்கப்பட்டது. லினக்ஸின் இடைமுகத்தைத் தன்னார்வலர்கள் தமிழாக்கினர். 1999இல் அறிவிக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையை இன்று மூன்றிலும் பயன்படுத்தலாம்.

அன்றாடப் பணியும் பல்லூடகமும்

இணைய உலாவிகள், லிப்ரே ஆபிஸ், வி.எல்.சி. இயக்கி, ஒலித் தொகுப்பிற்கான ஆடாசிட்டி, படத் தொகுப்பிற்கான கிம்ப் ஆகியவை மூன்றிலும் இயங்கும். எனவே ஆவணம் எழுதுவோர், பாடல் கேட்போர், நிகழ்படம் காண்போர் ஆகியோருக்கு வேறுபாடு குறைவு. ஃபோட்டோஷாப், பிரீமியர் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. ஃபைனல் கட் புரோவை மேசைக் கணினிகளுள் மாக்கில் மட்டுமே நிறுவ இயலும். கணக்கு எழுத உதவும் டேலி விண்டோஸுக்காக உருவாக்கப்பட்டது. ஆயத்த ஆடைத் தொழில் நடைபெறும் புதியம்புத்தூர் போன்ற ஊர்களில் டேலியில் கணக்கு வைத்திருப்பவருக்கு, லினக்ஸ் இலவசம் என்பது மட்டும் அதற்கு மாறப் போதிய காரணமாகாது.

பழைய கோப்புகளும் பழைய கணினிகளும்

ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட குறியாக்கங்களைக் கொண்டிருந்தன. அவற்றில் தட்டச்சு செய்யப்பட்ட நூல்கள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அச்சகங்களில் பரவலாகப் பயன்பட்ட பேஜ்மேக்கரின் இறுதிப் பெரும்பதிப்பு 2001இல் வெளியானது. இன்றைய மாக் கணினிகளில் அது இயங்காது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. எனினும் மாற்றப்படாத கோப்புகள் தாமாக மாறுவதில்லை.

விண்டோஸ் 10 பதிப்பிற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 பதிப்பிற்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி தேவை. அது இல்லாத கணினிகளை எறிந்துவிடாமல் லினக்ஸ் கொண்டு தொடர்ந்து பயன்படுத்தலாம்.

தெரிவு செய்யும் முறை

முதலில் இன்றியமையாத மென்பொருட்களைப் பட்டியலிட வேண்டும். லினக்ஸை நிறுவும் முன் அதனை யூ.எஸ்.பி. நினைவகத்திலிருந்து இயக்கி, ஒலி, அச்சுப்பொறி, கம்பியில்லா இணைப்பு ஆகியவற்றைச் சோதிக்கலாம். ஆவணங்களை ஒருங்குறியிலும் திறந்த கோப்பு வடிவங்களிலும் சேமித்து வைப்பவர் எத்தளத்திற்கும் எளிதில் மாறலாம். அவ்வாறு சேமிக்காதவருக்குப் பழைய கோப்புகளே தளத்தைத் தீர்மானித்துவிடுகின்றன.