ஏற்காட்டுக் குளிரில் ஸ்மோக்டு சிக்கன்... தெர்மாமீட்டரை எங்கே செருகணும் தெரியுமா?

வீக் எண்டுக்கு நண்பர்களோட ஏற்காடு. செம்மநத்தம் மாதிரி காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு கிராமத்தில் தங்கல். ராத்திரி பனி இறங்குற நேரத்தில் ஸ்மோக்கரில் முழுக்கோழி. கேட்கவே நல்லாருக்கு இல்லையா? ஆனால், வெளியே பொன்னிறமாக, புகை வாசனையோடு இருக்கிற கோழி, உள்ளே வேகாமல் இருந்தால் அடுத்த நாள் காலை பகோடா பாயின்ட்டுக்குப் பதில் மருத்துவமனையில்தான் விடியும்.

தந்தூரி, கிரில் எல்லாம் அதிகச் சூட்டில் சீக்கிரம் வேகிற சமாசாரம். ஸ்மோக்கிங் அப்படியில்லை. 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்கில் வேக வேண்டும். புகை பட்டதுமே தோல் நிறம் மாறிவிடும். அதனால் கண்ணால் பார்த்தோ, கடிகாரத்தைப் பார்த்தோ வெந்துவிட்டதா என்று சொல்ல முடியாது. தெர்மாமீட்டர் மட்டும்தான் வழி. அதையும் சரியான இடத்தில் வைத்தால்தான் அது உண்மையைச் சொல்லும்.

உங்களுக்கு வேண்டியது இரண்டு புரோப். ஒன்று, ஸ்மோக்கருக்குள் இருக்கிற காற்றின் சூட்டை அளக்க. இன்னொன்று, கறிக்குள் இருக்கிற சூட்டை அளக்க.

காற்றுக்கான புரோப்... மூடியை நம்பாதீங்க!

பெரும்பாலான ஸ்மோக்கர்களில் மூடியிலேயே ஒரு டயல் இருக்கும். ஆனால், கறி இருப்பது மூடியில் இல்லையே! சூடான காற்று மேலே ஏறும். குளிர்காற்று அடித்தால் மூடியின் தகடு சட்டென ஆறும். ஏற்காடு மாதிரி மலையில் ராத்திரி நேரத்தில் இது இன்னும் அதிகம். மூடி ஒரு கணக்கு சொல்லும். கறி இருக்கிற கம்பித் தட்டில் வேறொரு கணக்கு இருக்கும்.

அதனால் புரோப்பை கறி இருக்கும் அதே கம்பித் தட்டின் உயரத்தில் கிளிப் போட்டு மாட்டுங்கள். கறியிலிருந்து ஒன்று அல்லது இரண்டு அங்குலம் தள்ளி இருக்கட்டும். கறியை ஒட்டி வைத்தால், குளிர்ந்த கறியைச் சுற்றியுள்ள காற்றை அளந்து குறைவாகக் காட்டும். நீங்களும் கரியை அள்ளிப் போட்டு நெருப்பைக் கூட்டிவிடுவீர்கள். நெருப்புக்கு நேர் மேலேயோ, ஸ்மோக்கரின் சுவரை ஒட்டியோ வைத்தால் அதிகமாகக் காட்டும். தண்ணீர்த் தட்டு வைத்திருந்தால், அதிலிருந்து ஆவி எழும் இடத்துக்கு நேர் மேலேயும் வேண்டாம்.

கறிக்கான புரோப்... நுனிதான் முக்கியம்!

புரோப்பில் சூட்டை உணர்வது அதன் நுனிதான். அந்த நுனி, கறியின் மிகத் தடிமனான பகுதியின் நடுமையத்தில் இருக்க வேண்டும். கடைசியாக வேகிற இடம் அதுதான்.

முழுக்கோழி என்றால் இரண்டு இடம். ஒன்று, நெஞ்சுக்கறியின் தடித்த பகுதி. இன்னொன்று, தொடை உடம்போடு சேரும் உட்புறம். எலும்பில் மட்டும் படவே கூடாது. எலும்பில் பட்ட நுனி கறியின் சூட்டைக் காட்டாது. கோழியின் வயிற்றுக்குள் இருக்கிற வெற்றிடத்திலும் நுனி நுழையக் கூடாது. மட்டன் தொடை என்றால், பக்கவாட்டிலிருந்து எலும்புக்கு இணையாகச் செருகுங்கள். கொழுப்புத் திட்டுகளையும் தவிர்த்துவிடுங்கள்.

நடுமையத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிம்பிள். புரோப்பைக் கொஞ்சம் ஆழமாகவே செருகி, மெதுவாக வெளியே இழுங்கள். எந்த இடத்தில் மிகக் குறைவான அளவு காட்டுகிறதோ, அதுதான் மையம். அங்கேயே விட்டுவிடுங்கள். இறக்குவதற்கு முன் இன்னும் இரண்டு, மூன்று இடங்களில் குத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் இலக்கைத் தொட்டிருந்தால்தான் வெந்தது என்று அர்த்தம்.

எத்தனை டிகிரி?

அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் குறைந்தபட்ச அளவுகள் இவை. கோழி எந்த வடிவத்தில் இருந்தாலும் 74 டிகிரி செல்சியஸ். மட்டன் கொத்துக்கறி 71 டிகிரி. மட்டன், பன்றி ஆகியவற்றின் முழுத்துண்டுகள் 63 டிகிரி. இறக்கிய பிறகு 3 நிமிடம் அப்படியே விட வேண்டும். பன்றியின் தோள்கறி பஞ்சு மாதிரி பிரிந்து வர வேண்டுமென்றால் 90 டிகிரியைத் தாண்ட வேண்டும்.

பெரிய துண்டுகள் 65 முதல் 75 டிகிரிக்குள் வந்ததும் ஏறாமல் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். புரோப் கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க. மண்பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரிதான் இதுவும். கறியின் மேலுள்ள ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பொறுமையாக இருந்தால் மறுபடி ஏறும்.

மலையில் மட்டும் வரும் ஒரு சிக்கல்

புதுத் தெர்மாமீட்டர் வாங்கியதும் கொதிக்கிற தண்ணீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று பார்ப்போம். ஏற்காட்டில் இதைச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது ஏற்காடு. சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை 1 டிகிரி குறையும். அதனால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இது தெரியாமல், ‘5 டிகிரி குறைவா காட்டுதே’ என்று மீட்டரை 100-க்கு மாற்றிவைத்தால் என்ன ஆகும்? கோழி 74 என்று காட்டும்போது உண்மையில் 69-தான் இருக்கும். மலையில் ஏறியதால் கொதிநிலைதான் குறைகிறது. கறி வேக வேண்டிய அளவு குறைவதில்லை. அங்கேயும் கோழிக்கு 74-தான்.

எந்த ஊரிலும் ஏமாற்றாத சோதனை, ஐஸ் சோதனை. ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸைப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். கலக்கி, இரண்டு நிமிடம் விடுங்கள். புரோப்பின் நுனி டம்ளரில் படாமல் நடுவில் இருக்கட்டும். 0 டிகிரி காட்டினால் மீட்டர் ஓகே. ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

இதையும் மறக்காதீங்க

* சேலத்திலிருந்து கறி வாங்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வருவீர்கள். ஐஸ் பாக்ஸில் வைத்தே கொண்டுவாருங்கள். 5 முதல் 60 டிகிரிதான் கிருமிகள் வேகமாகப் பெருகும் சூடு.

* உறைந்த கறியை நேரடியாக ஸ்மோக்கரில் வைக்க வேண்டாம். மிதமான சூட்டில் உள்ளே உருகவே பல மணி நேரமாகும்.

* பச்சைக்கறியில் குத்திய புரோப்பை, சோப்புத் தண்ணீரில் கழுவாமல் வெந்த கறியில் குத்தாதீர்கள்.

* புரோப்பின் வயர் நெருப்பில் படக் கூடாது. அடிக்கடி மூடியைத் திறக்கவும் கூடாது. திறக்கிற ஒவ்வொரு முறையும் சூடு வெளியேறும்.

* குளிருது, மழை வருதுன்னு ஸ்மோக்கரை அறைக்குள்ளோ, டென்ட்டுக்குள்ளோ கொண்டுபோகவே போகாதீங்க. கரி அணைந்த மாதிரி தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

அடுத்த மலை ட்ரிப்புக்கு பேக் பண்ணும்போது ஜெர்க்கினோட ரெண்டு புரோப்பையும் எடுத்து வெச்சுக்கோங்க. ஐஸ் சோதனையைக் கிளம்புவதற்கு முன்பு வீட்டிலேயே முடித்துவிடுங்கள்!