இரவுக் கணக்கு

உண்மை பேசு, கோபத்தை அடக்கு, பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே, எளியவரிடம் இரக்கம் காட்டு என்னும் உபதேசங்களில் எந்த மதத்துக்கும் எந்தத் தேசத்துக்கும் தனிப்பாத்தியதை கிடையாது. கங்கைக்கரையில் சொன்னவற்றையே டைபர் நதிக்கரையிலும் சொன்னார்கள், வைகைக்கரையிலும் சொன்னார்கள். ஆகவே தர்மோபதேசத்துக்கு உலகில் எக்காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை. காலையில் கேட்ட உபதேசம் பொழுது சாய்வதற்குள் கடைத்தெருவிலும் கச்சேரியிலும் அடுக்களையிலும் என்ன கதிக்கு ஆளாயிற்று என்று விசாரிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அந்த விசாரணையை மனிதன் தன்மீது தானே நடத்திக்கொண்டு, நாள்தோறும் படுக்கப்போகுமுன் தன் நடத்தைக்குக் கணக்கு எழுதிப் பார்க்கும் வழக்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. ராஜாக்களின் சரித்திரத்தில் உள்ள ஆரவாரம் அதில் இல்லையாதலால் அதை யாரும் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைக்கவில்லை.

கிரேக்க நாட்டில் பித்தாகரஸின் பெயரால் வழங்கிய பொற்செய்யுட்கள், அன்றைய தவறு, அன்றைய செயல், அன்று விடுபட்டுப்போன கடமை ஆகிய மூன்றையும் பற்றிக் கண்ணயர்வதற்கு முன் தன்னையே கேட்டுக்கொள்ளும்படி சீடனுக்கு விதிக்கின்றன. ரோமாபுரியில் செக்ஸ்டியஸ் என்னும் ஞானி இதை நித்திய அனுஷ்டானமாகக் கொண்டிருந்தார். அவருக்குப் பின்வந்த செனகா, சினத்தைப் பற்றித் தாம் எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில், தாமும் அப்படியே செய்துவருவதைச் சாவகாசமாக வருணிக்கிறார். விளக்கை எடுத்துச் சென்ற பிறகு, கணவரின் வழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்திக்கொள்வாள். இருட்டில் அவர் அன்றைய நாள் முழுவதையும் திரும்ப நடந்து பார்ப்பார். ஒரு விவாதத்தில் அளவுக்கு மீறிச் சண்டைக்காரராகப் பேசிவிட்டதையும், ஒருவரைத் திருத்தப்போய் அவர் மனம் புண்படும்படி கண்டித்துவிட்டதையும் ஒளிக்காமல் எடுத்து வைத்து, இனி இவ்வாறு செய்யாதே, இம்முறை மன்னித்தேன் என்று தமக்குத் தாமே தீர்ப்பும் சொல்லிக்கொள்வார். மனைவி வாய்மூடி இருக்கும் அந்தச் சிறிய விவரம் இல்லாவிட்டால் நமக்கு இதில் நம்பிக்கையே பிறந்திராது. ஏட்டில் எழுதுவதற்காகப் புனைந்தவர் அதைச் சேர்த்திருக்கமாட்டார்.

ஆனால் இதே செனகா, நீரோ மன்னனின் ஆசானாகவும் மந்திரியாகவும் இருந்து பெருஞ்செல்வம் சேர்த்தவர். கி.பி. 59-இல் நீரோ தன் தாய் அக்ரிப்பினாவைக் கொல்வித்தபோது, அந்தக் கொலைக்கு நியாயம் கற்பித்து ரோமாபுரியின் செனட் சபைக்குப் போன கடிதம் செனகாவின் கையால் எழுதப்பட்டது என்று ஊரார் பேசிக்கொண்டதாக டாசிடஸ் என்ற சரித்திராசிரியர் குறிப்பிடுகிறார். விவாதத்தில் குரல் உயர்ந்ததைக் குற்றமாகப் பதிந்துகொண்ட அதே கணக்கில் இந்தக் கடிதத்துக்கு இடம் இருந்ததா என்பதைத்தான் நாம் கேட்கவேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வி செனகாவோடு நின்றுவிடவில்லை; இவ்வழக்கத்தின் சரித்திரம் நெடுகவும் அது தொடர்ந்து வருகிறது.

இரவுக் கணக்கு உண்மையாகவே கட்டம் போட்ட கணக்காக ஆனது அமெரிக்காவில், ஓர் அச்சுக்கூடக்காரரின் கையில். 1706-இல் பாஸ்டன் நகரில், மெழுகுவர்த்தியும் சோப்பும் காய்ச்சிப் பிழைத்த ஒரு பெரிய குடும்பஸ்தருக்குப் பிறந்து, இரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்போடு நின்று, பிலடெல்பியாவுக்கு வந்து அச்சுத் தொழிலில் தலையெடுத்த பெஞ்சமின் பிராங்க்ளின், இருபதுகளின் பிராயத்தில் எந்தக் குற்றமுமின்றி வாழ்ந்துவிடுவது என்று ஒரு தீர்மானம் செய்தார். வாலிபத்தின் அகந்தை இதைவிடப் பகிரங்கமாக வெளிப்பட்டிராது. எனினும் அந்த அகந்தையை அவர் நடத்திய முறைதான் விசேஷம். மிதமான உணவும் பானமும், மௌனம், ஒழுங்கு, மனவுறுதி, சிக்கனம், உழைப்பு, நேர்மை, நீதி, நிதானம், சுத்தம், சாந்தம், கற்பு என்று பன்னிரண்டு குணங்களைத் தேர்ந்தெடுத்தார். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், உன்னைச் செருக்குள்ளவன் என்று ஊரார் நினைக்கிறார்கள் என்று தயவோடு எடுத்துச் சொன்ன பிறகு, பணிவு என்பதைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். எந்தக் கிறிஸ்தவப் பிரிவின் தனிக் கொள்கையும் இந்தப் பட்டியலில் தலைகாட்டாதபடி வேண்டுமென்றே பார்த்துக்கொண்டதாக அவரே சொல்கிறார்; எல்லா மதத்தாரும் கையாளக்கூடியதாக இது இருக்கவேண்டும் என்பது அவர் நோக்கம்.

சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்றில் குணத்துக்கு ஒரு பக்கமாக ஒதுக்கி, பக்கந்தோறும் சிவப்பு மையால் கோடிட்டு, வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு பத்தியும், பதின்மூன்று குணங்களுக்குப் பதின்மூன்று வரிசையும் வகுத்தார். ஒவ்வொரு மாலையும் அன்று எந்தக் குணத்தில் தவறினாரோ அந்தக் கட்டத்தில் கறுப்புப் புள்ளி ஒன்று விழும். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் திருத்த முற்படாமல் வாரத்துக்கு ஒரு குணத்தின்மீது மட்டும் முழுக்கவனம் வைத்தார்; பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்தில் நாலு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி அழித்ததில் காகிதம் ஓட்டை விழுந்துபோகவே, தந்தத் தகடுகள் கொண்ட ஏட்டில் அழியாத சிவப்புக் கோடுகளை இட்டு, புள்ளிகளைப் பென்சிலால் வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொள்ளத் தொடங்கினார். நாளடைவில் வருஷத்துக்கு ஒரு சுற்று ஆயிற்று; பிறகு சில வருஷங்களுக்கு ஒன்று; அப்பால் பிரயாணமும் ராஜாங்க அலுவல்களும் பெருகி வழக்கம் அடியோடு நின்றது. ஆயினும் அந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் எங்கே போனாலும் கையோடு கொண்டுபோனார்.

இதையெல்லாம் அவர் 1784-இல், எழுபத்தெட்டு வயதில், அப்போது பாரிஸுக்கு அருகில் இருந்த பாஸியில் உட்கார்ந்து தம் சுயசரிதையில் எழுதினார். அந்தப் பக்கங்களின் அழகு வெற்றியைச் சொல்வதில் இல்லை. எல்லாவற்றிலும் அதிகத் தொல்லை கொடுத்தது ஒழுங்கு என்னும் குணம்; பொருள்களை அந்தந்த இடத்தில் வைப்பது கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை. கருமானிடம் கோடரி வாங்கிய ஒருவன், வாய்ப்பகுதியைப்போல் முழுப்பரப்பும் பளபளக்க வேண்டுமென்று கேட்டு, சாணைச் சக்கரத்தைத் தானே சுற்றச் சம்மதித்து, கைசலித்த பிறகு, புள்ளி விழுந்த கோடரியே எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுப்போன கதையை இந்த இடத்தில் சொல்லி, தம்மையும் அவனோடு சேர்த்துக்கொண்டு சிரிக்கிறார். பணிவின் விஷயம் இன்னும் மோசம்: செருக்கை முற்றிலும் வென்றுவிட்டதாக எண்ணினால் அப்போது தன் பணிவைப் பற்றிச் செருக்கு வந்துவிடும் என்று ஒப்புக்கொள்கிறார். சுயசரிதை எழுதுகிறவர்களில் இத்தனை வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் அபூர்வம்.

ஆனால் அந்தப் பதின்மூன்று வரிசையில் எட்டாவது நீதி. ஒருவனுக்குத் தீங்கு இழைப்பதும், செய்யவேண்டிய நன்மையைச் செய்யாது விடுவதும் அதில் குற்றமென்று வைக்கப்பட்டிருந்தன. அதே கையால் கறுப்புப் புள்ளி வைத்துவந்த பிராங்க்ளின் வீட்டில் அடிமைகள் வேலை செய்தார்கள். அவர் நடத்திய பென்சில்வேனியா கெஜட் பத்திரிகையில் அடிமைகளை விற்கும் விளம்பரங்களும் ஓடிப்போன அடிமைகளைத் தேடும் விளம்பரங்களும் காசுக்கு வெளிவந்தன. 1757-இல் லண்டனுக்குப் போனபோது இரண்டு அடிமைகளையும் உடன் அழைத்துப் போனார். அவர்களில் ஒருவன் அங்கே தப்பியோடினான். இவை எதற்கும் நீதியின் கட்டத்தில் புள்ளி விழுந்ததாக அவர் எழுத்தில் அடையாளம் இல்லை. புள்ளி வைக்கக் கை கூசியது என்பதற்கில்லை, அது குற்றம் என்றே கண்ணுக்குப் படவில்லை. 1763-இல் பிலடெல்பியாவில் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்வையிட்டு, அவர்களுடைய அறிவு வெள்ளைக் குழந்தைகளின் அறிவுக்குச் சற்றும் குறைந்ததன்று என்பதை நேரில் கண்ட பிறகே தம் எண்ணம் மாறியதாக அவர் கடிதம் எழுதினார். அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானது 1787-இல். அடிமைத்தனத்தை நீக்கக் கோரும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பியது 1790 பிப்ரவரியில். இறந்தது அதே ஆண்டு ஏப்ரலில். பல வருஷங்களாகச் சிவப்புக் கோட்டுக் கட்டங்கள் காட்டாததை, ஒரு பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிறுவர் சிறுமியர் ஒரே நாளில் காட்டினார்கள். பணிவின் வரிசையைச் சேர்த்ததும் குவேக்கர் நண்பரின் சொல்லே என்பதை இங்கே நினைத்துப்பார்க்கவேண்டும்.

தன் குற்றத்தைத் தானே தேடுகிறவன் தனக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்தில்தான் தேடுவான் என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் ஜைனர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறுக்கு வருந்தி மீளுதலாகிய பிரதிக்கிரமணம் என்பது அவர்களுடைய ஆறு நித்திய கர்மங்களில் ஒன்று. பகலில் செய்ததற்கு மாலையிலும், இரவில் செய்ததற்கு விடியலிலும், பின்னும் பட்சத்துக்கு ஒருமுறையும், நான்கு மாதத்துக்கு ஒருமுறையும், வருஷத்துக்கு ஒருமுறையும் அதைச் செய்வதென்பது விதி. தோஷங்களின் பட்டியலை அங்கே அனுஷ்டிப்பவன் தன் ஞாபகத்திலிருந்து எடுப்பதில்லை. வாய்ப்பாடமாக அது முன்னோரிடமிருந்து வந்துவிடுகிறது. நடந்துபோகையில் காலடியில் நசுங்கிய விதை, பசுந்தளிர், பனித்துளி, எறும்புப் புற்று, பாசி, சேறு, சிலந்தி வலை எல்லாவற்றையும் பேர் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும். இவ்வளவும் வேண்டுமா என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் தன் புத்திக்குத் தோன்றாத ஒன்றைக் குற்றமாகத் தினமும் உச்சரிக்கவைக்கும் ஏற்பாடு வேறெங்கும் இத்தனை நுட்பமாக அமையவில்லை. வருஷாந்தரப் பிரதிக்கிரமணத்தின்போது உற்றார் உறவினரிடமும் பகைவரிடமும் மன்னிப்புக் கேட்கும் வழக்கமும் சேர்ந்துகொள்ளும்போது, கணக்கு ஒருவன் மனத்துக்குள்ளேயே முடிந்துபோவதில்லை.

கோடிட்டுப் புள்ளி வைப்பதும் பிராங்க்ளினுக்கு முன்பே உண்டு. இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலாவின் ஆன்மிகப் பயிற்சிகள் என்னும் நூல் 1548-இல் ரோமில் அச்சாயிற்று. ஒரே ஒரு குற்றத்தை மட்டும் குறித்துக்கொண்டு, பகலுணவுக்குப் பின்னும் இரவுணவுக்குப் பின்னும் கணக்கெடுத்து, நாளொன்றுக்கு இரண்டு கோடாக இழுத்து அவற்றின்மீது புள்ளிகள் இடச் சொல்லும் முறை அதில் இருக்கிறது. பிராங்க்ளினுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முந்தியது. மதுரை மிஷனுக்கு வந்து தமிழ் கற்ற நோபிலியும் வீரமாமுனிவரும் இந்தச் சபையைச் சேர்ந்தவர்களே. வள்ளுவரும், பிறர் குற்றத்தைக் காண்பதுபோல் தன் குற்றத்தைக் காணும் பேச்சைப் புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசியில் வைத்திருக்கிறார். குற்றங்கடிதல் என்றே ஓர் அதிகாரம் இருந்தும் அங்கே வைக்கவில்லை. ஊரான் குற்றத்தைத் தேடும்போது நம் கண்ணுக்கு இருக்கும் கூர்மை, நம்மை நோக்கித் திரும்பும்போது மழுங்கிவிடுகிறதென்பது புறம்பேசுகிறவனுக்கே நன்றாய்த் தெரியும் என்று அவர் கருதினார் போலும்.

நம் காலத்துக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவந்து சேர்த்தவர் கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி. தஞ்சாவூரில் வைத்தியம் படித்து, 1913-இல் மலாயாவுக்குப் போய், ரப்பர்த் தோட்டத்து மருத்துவமனையில் கூலியாட்களுக்கு வைத்தியம் பார்த்துச் சுமார் பத்து வருஷம் அங்கே கழித்துத் திரும்பி, 1924-இல் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனார்; தெய்விக வாழ்க்கைச் சங்கத்தை 1936-இல் ஸ்தாபித்தார். அவர் வகுத்த ஆன்மிக தினசரி, ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலில் தொங்கும் அட்டையைப்போல் இருக்கும். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி உறங்கினாய், எத்தனை மாலை ஜபம், எவ்வளவு நேரம் மௌனம், பயன் கருதாத சேவை எவ்வளவு, தானம் எவ்வளவு, வீண் சகவாசத்தில் கழிந்த நேரம் எவ்வளவு என்று கேள்விகள் வரிசையாக இறங்கும். இடையில் பொய் எத்தனை, அதற்கு என்ன தண்டனை, கோபம் எத்தனை, அதற்கு என்ன தண்டனை என்று இரண்டு கேள்விகள். ஒரு வேளை உபவாசமோ அதிகப்படியான ஜபமோ தண்டனையாகலாம். மாதம் முடிந்ததும் அதன் பிரதியைக் குருவுக்கு அனுப்பவேண்டும். ஜபத்தின் எண்ணிக்கையைப் பெருக்கிப் பெருக்கி எழுதும் ஆசை சிலருக்கு வந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் வேறொரு கண் அதைப் படிக்கும் என்ற ஏற்பாட்டினால் செனகாவின் இருட்டறையில் இல்லாத ஒரு சாளரம் இங்கே திறந்தது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்து 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷியின் அகத்தாய்வுப் பயிற்சியில், யார் யார்மீது அடிக்கடி சினம் வருகிறது என்று பெயர்களை எழுதுவதிலிருந்தே சினம் தவிர்க்கும் பாடம் ஆரம்பமாகிறது. அந்தப் பட்டியலின் தலையில் பெரும்பாலும் அவரவர் வீட்டார் பெயரே வந்து நிற்கும்.

இவற்றில் எந்த முறை சிறந்தது என்று கேட்டால், கட்டங்களின் நேர்த்திக்குப் பிராங்க்ளினையும், தன்னை மன்னித்துக்கொண்டு தூங்கப்போகும் பக்குவத்துக்குச் செனகாவையும் சொல்வேன். ஆனால் கேள்விகளைப் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டதில் ஜைனர்களே எல்லாரையும்விட ஒரு படி உயர்ந்தவர்கள். ஆகவே இந்த வழக்கத்தைக் கைக்கொள்ள எண்ணும் வாசகர் எந்த நோட்டுப் புத்தகத்தையாவது எடுத்துக்கொண்டு தம் விருப்பம்போல் வரிசைகளை வகுத்துக்கொள்ளட்டும். அவற்றில் ஒன்றை மட்டும் காலியாக விட்டு வைத்து, அதற்கு என்ன பெயர் எழுதலாம் என்று தமக்குச் சோறு போடுகிறவரையோ தம்மிடம் சம்பளம் வாங்குகிறவரையோ கேட்டு எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.