ஆகஸ்டு 2003: பிரான்சைச் சுட்ட வெயில்

பிரெஞ்சு வழியில் படித்த எனக்குக் 'கானிக்யூல்' என்ற சொல் பள்ளி நாளிலிருந்தே பழக்கம். கடுங்கோடைக்கு அவர்கள் வைத்த பெயர். மூலம் லத்தீன், 'குட்டி நாய்' என்று பொருள். சிரியஸ் என்னும் விண்மீனைக் குறிக்கும். நாம் அக்னி நட்சத்திரம் என்கிறோம். வெயிலுக்கான பழியை இரு மொழிக்காரர்களும் நட்சத்திரத்தின் தலையில்தான் போட்டிருக்கிறோம்.

2003 ஆகஸ்டில் அந்தச் சொல் பிரான்சையே உலுக்கியது. பாரிசில் பகல் வெப்பம் 40 டிகிரியை நெருங்கியது. இது நமக்குப் புதிதா என்று கேட்பீர்கள். அங்கே வீடுகள் குளிரைத் தாங்கக் கட்டியவை. துத்தநாகத் தகட்டுக் கூரையின் கீழுள்ள மாடி அறைகள் அடுப்பாக மாறின. இரவிலும் புழுக்கம் தணியாததால் உடம்பு ஆற அவகாசம் கிடைக்கவில்லை.

அம்மாதம் முதல் 20 நாளில், வழக்கத்தைவிட ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள். ஆகஸ்டு அங்கே விடுமுறை மாதம். குடும்பங்கள் வெளியூர் போயிருந்தன. பாரிசில் உரிமை கோர ஆளில்லாத 57 உடல்களைச் செப்டம்பர் 3 அன்று தியே கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ஜனாதிபதி ஷிராக் நேரில் வந்து நின்றார்.

முதியவர்களே ஏன் அதிகம்? வயதானால் தாகம் சரியாகத் தெரிவதில்லை, வியர்வையும் குறைகிறது. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள் உடம்பின் நீரை மேலும் இறக்கிவிடும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை தடுமாறும். பேச்சு குழறும், வலிப்பு வரலாம், நினைவு தப்பும். சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாகும். இதுதான் ஹீட் ஸ்ட்ரோக். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வருமுன்பே நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

பிரான்சு பாடம் கற்றது. 2004-இல் வெப்ப அலைத் திட்டம் வந்தது. தனியே வாழும் முதியவர்கள் நகராட்சியில் பெயரைப் பதிந்துகொண்டால், வெயில் நாள்களில் தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். இந்தியாவில் 2013-இல் அகமதாபாத் தனக்கென ஒரு திட்டம் வகுத்தது.

புதுச்சேரியிலும் பிள்ளைகள் பிரான்சில், பெற்றோர் இங்கே தனியாக என்று எத்தனையோ வீடுகள். பதிவேடு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கத்திரி வெயிலில் தினம் மாலை நான்கு மணிக்கு, தனியாக இருக்கும் ஒரு நண்பரைக் கூப்பிட்டு "தண்ணீர் குடித்தீரா?" என்று கேளுங்கள். பேச்சு குழறினால் உடனே கதவைத் தட்டுங்கள்.