கடற்புல்லும் 'மனிதக் காரணி'யும்: பாக் விரிகுடாவை முன்வைத்து

கடற்கரைச் சூழல் குறித்த மதிப்பீட்டு அறிக்கை எதை எடுத்தாலும் அநேகமாக அதில் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பத்தியில் 'இயற்கைக் காரணிகள்': புயல், வண்டல், நீரின் வெப்பம், நோய். அடுத்த பத்தியில் 'மனிதக் காரணிகள்': இழுவைமடி, கரைவலை, பாசி சேகரிப்பு, நங்கூரம், கழிவுநீர், துறைமுகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கடல்தரையை உழுதுகொண்டு போகும் விசைப்படகும், விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கிப் பாசி பறிக்கும் பெண்ணும் ஒரே பத்தியில், அடுத்தடுத்த வரியில். ரெண்டு பேரும் மனிதர்தானே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான். யார், எப்போது, யாருடைய பணத்தில், யார் சொல்லி என்கிற கேள்விகளை எல்லாம் 'மனிதர்' என்ற ஒரு சொல் துடைத்துப் போட்டுவிடுகிறது. பாக் விரிகுடாவின் கடற்புல்லை வைத்து இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கடற்புல்லைப் பாசியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது வழக்கம். அது பாசி இல்லை. வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உள்ள தாவரம். தரையிலிருந்து கடலுக்குத் திரும்பிப் போனது. அதற்கு வெளிச்சம் வேண்டும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது என்பதால் சூரியன் அடிவரை போகிறது, புல் மேய்ச்சல் நிலம்போலப் பரந்து கிடக்கிறது. இறால் குஞ்சு அதில் ஒளிந்து வளர்கிறது. ஆவுளியா என்று மீனவர் சொல்லும் கடல்பசு ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் அதைத் தின்கிறது. நீர் கலங்கினால் வெளிச்சம் போச்சு. வேர்த்தண்டு அறுந்தால் மண்ணும் போச்சு.

இவ்வளவு பரந்த ஒன்றை எழுத்து எப்படிக் கண்டுகொள்ளாமல் விட்டது? தமிழ் படித்தவர்களான நாம் நெய்தல் என்றதும் புன்னை, தாழை, ஞாழல், அடும்பு, கண்டல் என்று ஒப்பிப்போம். எல்லாம் கரையிலும் கழியிலும் நிற்பவை. நம் திணை மரபு கரையில் நின்று கடலைப் பார்த்த மரபு. நீருக்கடியில் இருப்பதை அது நிலமாகக் கொள்ளவில்லை. காலனிய அரசு அடிக்கடலை நிலமாகக் கொண்டது, ஆனால் வருவாய் நிலமாக. சங்கு குளிப்பது அரசின் ஏகபோகம். முத்துச் சிப்பிப் பார்கள் ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஏறின. இலங்கை முத்துக்குளிப்பு பற்றி ஹெர்ட்மன் 1903 தொடங்கிப் பல தொகுதிகள் வெளியிட்டார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் சங்கையும் முத்தையும் பற்றி எழுதிக் குவித்தார். புல்லுக்கு விலை இல்லை. விலை இல்லாததற்குக் கணக்கும் இல்லை.

1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. அடுத்த ஆண்டு கொல்லம் அருகே நீண்டகரையில் வேலை தொடங்கியது. ஏழை மீனவர் வாழ்வை உயர்த்துவது நோக்கம் என்று சொல்லப்பட்டது. நடந்தது வேறு. உறைய வைத்த இறாலுக்கு அமெரிக்காவில் சந்தை கிடைத்ததும் திட்டத்தின் திசையே மாறிப்போனது: இறால் அடியில் கிடக்கிறது, ஆகவே அடியை வாரும் மடி வேண்டும், அதை இழுக்க எந்திரப் படகு வேண்டும், அதற்குக் கடனும் மானியமும் வேண்டும். 1960களில் இந்தத் திட்டம் மண்டபம்வரை நீண்டது. மடியை விரித்துப் பிடிக்கும் பலகைகளும் அடிக்கயிறும் உழுத இடம், இறால் வளர்ந்த அதே புல்வெளி. தொட்டிலை வெட்டிவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போன கதை. ஐந்தாண்டுத் திட்டங்களின் மொழியில் இதற்குப் பெயர் 'நவீனமயம்'. இன்றைய அறிக்கைகளின் மொழியில் இதற்குப் பெயர் 'மனிதக் காரணி'. இரண்டு பெயருக்கும் நடுவில் அரசு காணாமல் போய்விட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1970களில் தமிழ்நாட்டுக் கரையெங்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் மோதல். வலை அறுப்பு, படகு எரிப்பு. அதன் விளைவுதான் 1983இன் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது. பாக் விரிகுடாவில் கூடுதலாக ஒரு ஏற்பாடு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. கடலைக் கால அட்டவணைபோலப் பங்கு போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். 1974 ஒப்பந்தம் கிழித்த எல்லைக்கோடு ராமேசுவரம் பக்கம் ஏறத்தாழ 12 கடல்மைலிலேயே வந்துவிடுகிறது. அதில் மூன்றைக் கழித்தால் மீதி எவ்வளவு? இத்தனை விசைப்படகுகளை அந்தச் சிறு பட்டைக்குள் அடைக்க முடியாது. ஒன்று கரைக்கு வரும், இல்லை கோட்டைத் தாண்டும்.

தாண்டிப் போகும் இடத்தில் இருப்பவர் யார்? இதைப் பேசும்போது நம் மேடைகளில் ஒரு மௌனம் விழுகிறது. ராமேசுவரம் மீனவர் மீது இலங்கைக் கடற்படை நடத்திய துப்பாக்கிச் சூடும் கைதும் கொடுமைதான். அதில் மாற்றுப் பேச்சில்லை. ஆனால் 2009இல் போர் முடிந்தபின், முப்பதாண்டு கடலுக்குப் போக முடியாமல் கிடந்த யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர் சிறு படகோடு திரும்பியபோது அவர்கள் கண்டது நம் இழுவைமடிகளை. அவர்கள் வலையும் அறுந்தது, அவர்கள் பக்கத்துப் புல்லும் அறுந்தது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்ததன் பின்னால் அந்த வடக்கு மீனவரின் நீண்ட முறையீடு இருந்தது. தமிழர் ஒற்றுமை பேசுகிற நாம் இந்த முறையீட்டை எந்தக் கணக்கில் வைக்கிறோம்? அதே 2017இல் இங்கே 2000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றுவதாக 1600 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று வந்தது. இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. கூலிக்கும் பங்குக்கும் படகேறுகிறவர் பாவம், அவருக்கு வேறு வழியும் இல்லை. உரிமையாளரும் ஏற்றுமதியாளரும்தான் எந்த அட்டவணையிலும் பெயரில்லாமல் தப்பிவிடுகிறார்கள்.

இனிப் பாம்பனுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம் வருவோம். 1960களிலிருந்து அகார் ஆலைகளுக்காக அங்கே பெண்கள் தீவோரங்களில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுத்து வருகிறார்கள். 1986இல் 21 தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. அதற்கு முன்பே சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் பின்னால் நீரில் மூழ்குவதற்கு வழி செய்தாகிவிட்டது. பாறை வெட்டியவர்களின் முதலீடு வேறிடத்துக்குப் போனது. பாசி எடுக்கும் பெண் 'அத்துமீறி நுழைந்தவர்' ஆனார். சின்னப்பாலம் போன்ற ஊர்களில் இந்தப் பெண்கள் தாங்களாகவே மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று வரம்பு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீக்காலஜி என்ற அமெரிக்க அமைப்பு பரிசு கொடுத்தது. அட்டவணையில் மட்டும் அவர் இன்னமும் காரணிதான்.

அப்பெண்களுக்கு 'மாற்று வாழ்வாதாரம்' என்று தரப்பட்டது கப்பாஃபைகஸ் என்ற அயல் பாசி. மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது. 2000ஐ ஒட்டிப் பெப்சி நிறுவனம் உள்ளே வந்தது. பாசி மிதவையோடு நிற்கவில்லை. குருசடைத் தீவின் பவளத்தின்மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இதுவும் 'மனிதக் காரணி' என்றே எழுதப்படும். மிதவையைத் தள்ளிக்கொண்டு போன பெண்ணா, பாசியைக் கொண்டு வந்த ஆய்வுக்கூடமா, வாங்கிய நிறுவனமா? 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு ஒரு கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்கலாம்.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதில்லை. குளிர்ந்த கடல்களில் கெல்ப் என்ற பெரும்பாசி காடாக வளரும். 1741இல் பேரிங் தீவில் ஸ்டெல்லர் அந்தக் காட்டை மேய்ந்த ஒரு பெருங்கடல்பசுவைக் கண்டு எழுதினார். நம் ஆவுளியாவின் சொந்தம். 1768க்குள் அது பூண்டோடு போயிற்று. தோல் வியாபாரிகளின் கப்பல்களுக்கு இறைச்சி ஆயிற்று. அவர்கள் தேடி வந்தது கடல் நீர்நாயின் தோல். நீர்நாய் அருகியதும், அது தின்று கட்டுக்குள் வைத்திருந்த கடல் முள்ளெலிகள் பெருகிக் காட்டைத் தின்றன. வேட்டையாடிய கை அலூட் பழங்குடியினுடையது. ஆனால் அவர்கள் மனைவி மக்களைப் பிணையாகப் பிடித்து வைத்து வேட்டைக்கு அனுப்பியவர்கள் ருஷ்ய வியாபாரிகள். பழங்குடி என்றாலே இயற்கையின் காவலர் என்று உருகவும் வேண்டாம். பழைய அலூட் குப்பைமேடுகளைத் தோண்டிய ஓர் ஆய்வு (1978), ஊரையொட்டிய கடலில் அவர்களும் நீர்நாயைக் குறைத்திருப்பார்கள் என்கிறது. ஊரையொட்டிய கடல் ஒன்று. 1911 ஒப்பந்தம் வருவதற்குள் வடபசிபிக் முழுவதிலும் ஓரிரு ஆயிரமே மிஞ்சும்படி செய்தது வேறொன்று. இரண்டையும் 'மனிதர்' என்ற ஒரே சொல்லில் அடக்கினால் அது அறிவியலாகவும் தேறாது.

'இயற்கைக் காரணி' பத்தியும் அப்படியொன்றும் சுத்தமில்லை. 1930களில் வட அட்லாண்டிக் கரைகளில் ஒரு நோய் வந்து கடற்புல்லைப் பெருமளவு அழித்தது. பல இடங்களில் புல் மெல்லத் திரும்பியது. 1932இல் நெதர்லாந்து சவுடர் கடலை அணைகட்டி அடைத்திருந்தது. அதையொட்டிய வாடன் கடலில், எப்போதும் நீர் நின்ற பரப்பில் இருந்த புல்வெளி திரும்பவே இல்லை. நம் பக்கமும் புயல் புல்லை மண்ணால் மூடும், அது மறுபடி துளிர்க்கும். அடுத்த நாளே மடி இழுத்தால் எங்கே துளிர்ப்பது? இனி நீர் சூடாவதையும் எந்தப் பத்தியில் போடுவது என்று தெரியவில்லை. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்தது இயற்கையாலா?

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. 12,000 ஹெக்டேருக்கு மேல் கடற்புல் அதனுள் வருகிறது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்துவிட்டு விடுவித்த மீனவர்களுக்குப் பரிசும் கொடுக்கிறார்கள். நல்ல காரியம், கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் 2023 ஜனவரியில், நாலு மாதம்கூட ஆகவில்லை, அதே அரசு சேது சமுத்திரத் திட்டத்தை நிறைவேற்றச் சொல்லிச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்து நிறைவேற்றியது. 2005இல் தொடங்கி 2007இல் நீதிமன்றத்தால் நின்றுபோன அந்தத் தூர்வாருதலைச் சுற்றி எவ்வளவு பேசினோம்! ராமர் கட்டினாரா இல்லையா என்பதில் ஒரு தரப்பு, தமிழர் வளர்ச்சியைத் தடுக்கிறார்கள் என்பதில் ஒரு தரப்பு. மீனவர் அமைப்புகளும் சில சூழலியலாளர்களும் வண்டலைப் பற்றிச் சொன்னது இந்த இரைச்சலில் யார் காதிலும் ஏறவில்லை. காப்பக அறிவிப்பும் தீர்மானமும் ஒரே அரசின் ஆவணக் கட்டுகளில்தான் இருக்கின்றன. தூர்வாரும் கப்பலுக்கு எந்தப் பத்தியில் வரி ஒதுக்கப் போகிறார்கள் என்று அட்டவணை தயாரிப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.