சுண்டெலிக்குள் ஒரு சுவிட்ச்

1954-இல் வியன்னாவில் ஒரு குழந்தை மருத்துவர் தன் காத்திருப்பு அறையில் இரண்டு சிறுமிகளைப் பார்க்கிறார். இருவரும் அவரவர் அம்மா மடியில் இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை. ஆனால் இருவரும் ஒரே மாதிரி கைகளைப் பிசைந்துகொண்டே இருக்கிறார்கள், தண்ணீர் இல்லாமல் கை கழுவுவதுபோல. அந்த மருத்துவர் ஆந்திரியாஸ் ரெட்.

1966-இல் அவர் இதைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். பெரும்பாலும் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1983-இல் சுவீடனின் பெங்ட் ஹாக்பெர்கும் அவருடைய குழுவும் 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் ‘ரெட் சிண்ட்ரோம்’ என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. எந்த மொழியில் எழுதினோம் என்பது நோய்க்கும் முக்கியம்தான் போல. தமிழில் எழுதுகிற நமக்கு இது புதிதில்லை.

ஏறக்குறைய பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. பிறந்து ஆறு முதல் பதினெட்டு மாதம் வரை குழந்தை நன்றாகத்தான் இருக்கும். பிறகு, கற்றுக்கொண்ட சொற்களும் கையால் பொருளைப் பிடிக்கும் பழக்கமும் ஒவ்வொன்றாகப் போய்விடும்.

பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஹுதா ஸோக்பி, இப்படி ஒரு சிறுமியைப் பார்த்த நாளிலிருந்து காரணத்தைத் தேட ஆரம்பித்தார். 1999-இல் அவருடைய ஆய்வகம் கண்டுபிடித்தது: எக்ஸ் குரோமோசோமில் உள்ள ‘எம்.இ.சி.பி.2’ என்ற மரபணுவில் பழுது. வேடிக்கை என்னவென்றால், அந்த மரபணு உருவாக்கும் புரதத்தை ஸ்காட்லாந்தில் ஏட்ரியன் பேர்ட் குழு 1992-லேயே கண்டுபிடித்திருந்தது. டி.என்.ஏ.வைப் பற்றிய அடிப்படை ஆர்வத்தில் கிடைத்த புரதம் அது. நோயோடு அதற்குத் தொடர்பு இருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

மரபணு தெரிந்துவிட்டால் அடுத்து சுண்டெலிதான். ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் நீக்கிய சுண்டெலியை உருவாக்கும் முறை 1980-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. 2001-இல் எடின்பரோவில் பேர்டின் குழுவும் அமெரிக்காவில் ருடோல்ஃப் யேனிஷின் குழுவும் தனித்தனியாக அந்த மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கின. அவை சில வாரம் சாதாரணமாக ஓடியாடின. பிறகு நடை தடுமாறியது, மூச்சு ஒழுங்கு தவறியது. வாலைப் பிடித்துத் தூக்கினால் பின்னங்கால்களை ஒன்றோடொன்று இறுக்கிக்கொண்டன. கொஞ்ச நாளில் செத்துப்போயின.

நான் பொறியியல் படித்தவன். மெஷின் நின்றுபோனால் எங்களுக்கு முதல் கேள்வி இதுதான்: எரிஞ்சுபோச்சா, இல்லை கரண்ட் வரலையா? முதலாவது என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டாவது என்றால் சரிசெய்யலாம். ரெட் நோயில் நரம்பு செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதில்லை. அப்படியென்றால் அந்த மூளை எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறதா?

இதைச் சோதிக்கத்தான் பேர்டின் ஆய்வகத்தில் ஜாக்கி கையும் மற்றவர்களும் ஒரு சுவிட்ச் வைத்தார்கள். மரபணுவை நீக்கவில்லை. நடுவில் ஒரு தடைத்துண்டைச் செருகி அதை வேலை செய்யவிடாமல் நிறுத்தினார்கள். அந்தத் துண்டை வெட்டி எடுக்கும் நொதியும் அதே எலியின் செல்களில் இருக்கும். ஆனால் டமாக்ஸிஃபென் மருந்து கொடுத்தால்தான் அது டி.என்.ஏ. இருக்கும் கருவுக்குள் நுழையும். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற அதே மருந்துதான்.

அவசரமாகத் தினமும் ஊசி போட்டபோது பல எலிகள் செத்தன. மெல்ல மெல்லக் கொடுத்தபோது, சாகும் நிலைக்கு அருகில் இருந்த எலிகள் எழுந்து நடந்தன. மூச்சு சீரானது. 2007-இல் இது ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. மூளை வளர்ச்சிக் குறைபாடு என்றால் அவ்வளவுதான், திரும்பாது என்ற நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது.

படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் ஒரு பெற்றோராக இதைப் படித்தால்? இங்கேதான் நிதானம் வேண்டும். அந்த எலிகளுக்குள் நல்ல மரபணு முன்கூட்டியே இருந்தது. சுவிட்சும் பிறப்பதற்கு முன்பே பொருத்தப்பட்டது. எந்தக் குழந்தைக்கும் அப்படி ஒரு சுவிட்ச் இல்லை. வெளியிலிருந்துதான் மரபணுவைக் கொண்டுபோக வேண்டும்.

அதிலும் சிக்கல் உண்டு. பெண்ணின் ஒவ்வொரு செல்லும் இரண்டு எக்ஸ்-இல் ஒன்றைத்தான் பயன்படுத்தும். அதனால் அந்தச் சிறுமியின் மூளையில் ஏறக்குறைய பாதி செல்கள் நன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கும் கூடுதல் மரபணு போய்ச்சேர்ந்தால் புரதம் அளவு மீறும். அளவு மீறினாலும் நோய்தான். அந்தப் புரதத்தை இரட்டிப்பாக்கிய எலிகளில் ஸோக்பியின் ஆய்வகம் அதை 2004-இல் காட்டியது. பிறகு மனிதர்களிலும் அது தெரியவந்தது.

2023-இல் அமெரிக்காவில் ரெட் நோய்க்கு முதல் மருந்தாக ட்ரோஃபினெடைடுக்கு அனுமதி கிடைத்தது. அது சில அறிகுறிகளைக் குறைக்கும், மரபணுவைத் தொடாது. மரபணு சிகிச்சை இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. 2007-இல் அந்த எலிகள் சொன்னது ‘குணமாக்கலாம்’ என்று அல்ல. ‘இந்த மூளை எரிந்துபோகவில்லை’ என்று. அதைத் தெரிந்துகொள்ளவே 1954-லிருந்து 53 வருடம் ஆகியிருக்கிறது.